ஜப்பான் படக்கதையும் என் வயிற்றெரிச்சலும்

1

இதை எழுதலாமா என்று என் மகளிடம் கேட்டேன். அவளைப் பற்றியது என்பதால் கேட்க வேண்டியிருந்தது. இந்த நாட்டில் பிறந்த பிள்ளைகளிடம் எதற்கும் அனுமதி கேட்க வேண்டும். அவர்களுடைய அறைக் கதவைத் தட்டுவதிலிருந்து அது தொடங்குகிறது.

"தமிழிலயோ எழுதப் போறீங்கள்?" என்றாள்.

"ஓம்."

"அப்ப எழுதுங்கோ அம்மா. நான் வாசிக்கப் போறதில்லைத்தானே."

நக்கலாகச் சொல்லவில்லை. வெளியே மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். அபிக்கு இருபது வயது. லண்டனில் பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழி படிக்கிறாள். மேலிருந்து கீழே, வலமிருந்து இடம், எப்படிக் கொடுத்தாலும் அந்த மொழியை வாசிப்பாள். தமிழில் அவளுடைய பெயரை எழுதிக் காட்டினால், எந்தப் பக்கம் மேல் என்று தாளைத் திருப்பிப் பார்ப்பாள்.

ஆகவே அவள் வாசிக்கமாட்டாள் என்ற துணிவில் எழுதுகிறேன். வாசிக்கக்கூடிய ஒருத்தி இருக்கிறாள். என் கணவரின் தங்கை வதனி. அவள் வாசித்தால் வாசிக்கட்டும். நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

லண்டனிலிருந்து எழுதுகிறவர்கள் குளிரைப் பற்றியும் வேலையைப் பற்றியும்தான் எழுதுவார்கள் என்று ஊரில் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நான் எழுதப்போவது பொறாமையைப் பற்றி. இருபத்திரண்டு வருடமாக லண்டன் ஓரத்தில், சட்டனில் இருக்கிறேன். ஒரு மருந்துக்கடையில் வேலை. வீடு, கணவர், ஆரோக்கியம் எல்லாம் இருக்கிறது. இருக்கிறதை விட்டுவிட்டு, மற்றவர் வைத்திருக்கிறதைப் பார்த்து எரிகிற குணமும் கூடவே இருக்கிறது.

இந்த முறை அதைக் கிளப்பிவிட்டது ஒரு தொலைபேசி அழைப்பு. செவ்வாய்க்கிழமை பின்னேரம், வேலையால் வந்து உலை வைத்துவிட்டு நிற்கிறேன். வதனி போனில் கூப்பிட்டாள்.

"மச்சாள், சனிக்கிழமை அபியின்ர டூருக்கு எத்தினை மணிக்கு வாறியள்? சேர்ந்து போவமோ?"

"என்ன டூர்?"

தெரியாமல் வாயை விட்டுவிட்டோம் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. பிறகு மெல்ல மெல்ல இழுத்துச் சொன்னாள். நகர நடுவில் ஒரு அருங்காட்சியகத்தில் ஜப்பானியப் படக்கதைகளையும் கார்ட்டூன் படங்களையும் பற்றிப் பெரிய கண்காட்சி நடக்கிறது. அபி அங்கே சனிக்கிழமைகளில் தொண்டராக நின்று, வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டுபோய் விளக்கம் சொல்கிறாள். ஒரு மாதமாக.

"உங்களுக்குச் சொல்லியிருப்பாள் எண்டு நினைச்சன் மச்சாள்."

"சொன்னவள், சொன்னவள். எனக்குத்தான் மறந்துபோச்சு," என்றேன். பொய் என்று அவளுக்கும் தெரியும். சோறு குழைந்துவிட்டது.

2

வதனியைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் எரிச்சலின் நியாயம் உங்களுக்கு விளங்காது.

அவள் முதலில் அகதியாகப் போய்ச் சேர்ந்தது பாரிசுக்கு. பிரெஞ்சில் ஒரு சொல்லும் தெரியாது. ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டித் துடைக்கிற வேலை. அங்கே பிள்ளைகள் அடித்துப்பிடித்து வாசிக்கிற புத்தகங்கள் எல்லாம் பிரெஞ்சில் மொழிபெயர்த்த ஜப்பானியப் படக்கதைகள். படத்தைப் பார்த்தால் சொல்லை ஊகிக்கலாம் என்று இவளும் ஒவ்வொன்றாக இரவல் வாங்கியிருக்கிறாள். வகுப்புக்கே போகாமல் அப்படியே மொழியைப் பிடித்துவிட்டாள். விசா அலுவலாகக் கந்தோருக்குப் போனவள், அங்கே வேலை செய்த அம்மாவிடம் நன்றி சொல்வதாக நினைத்து, வாள்வீரன் எதிரியிடம் பேசுகிற தோரணையில் "உன்னை என்றைக்கும் மறக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தாளாம். இதை அபிக்குச் சொல்லிச் சொல்லி இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எனக்கு முதல் தரம் மட்டும் சிரிப்பு வந்தது.

அபிக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு கோடை விடுமுறைக்கு அவளைப் பாரிசுக்கு அனுப்பினோம். அனுப்பியது நான்தான், வேறு யாரையும் குறை சொல்லமுடியாது. ஆறு கிழமை கழித்துத் திரும்பி வந்த பிள்ளையின் பெட்டிக்குள் உடுப்பை விடப் படக்கதை அதிகம். ஒரு புத்தகத்தின் பின்பக்கத்தில் ஜப்பானிய எழுத்து அட்டவணை இருந்தது. நாற்பத்தாறு எழுத்து. யாரும் சொல்லாமல், யாரும் கேட்காமல், பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முன்னமே அத்தனையையும் பழகி முடித்துவிட்டாள்.

பிறகு வதனி குடும்பம் லூயிஷாமுக்கு வந்து பலசரக்குக் கடை திறந்தது. அதன் பிறகு லண்டனில் எந்த அருங்காட்சியகத்தில் ஜப்பான்காரன் கீறிய மூக்குப் படம் ஒன்றை மாட்டினாலும் மாமி வதனியும் மருமகள் அபியும் போய்விடுவார்கள். நிலவறைக்குள் இருக்கிற சின்னக் கார்ட்டூன் அருங்காட்சியகத்துக்குப் போனார்கள். பெரிய தூண் வைத்த அருங்காட்சியகத்தில் கண்காட்சி நடந்தபோது மூன்று தரம் போனார்கள். இப்போது அபி தங்கியிருப்பதே வதனி வீட்டில்தான். பல்கலைக்கழகத்துக்கு அங்கிருந்து கிட்டவாம். சட்டனிலிருந்தும் ரயில் ஓடுகிறது என்று என் கணவரிடம் ஒருநாள் சொன்னேன். "ஓடுதுதான், நேரத்துக்கு ஓடுறதில்லை," என்றார் இவர். தங்கையைப் பற்றி ஒரு சொல் சொன்னால் இந்த மனிதர் உடனே ரயில்வேயின் பக்கம் போய்விடுவார்.

போன சித்திரையில் இருவரும் ஜப்பானுக்கே போய்வந்தார்கள். "நீங்களும் வாங்கோ அம்மா," என்று அபி கேட்டாள். "எனக்கெங்கை லீவு, நீங்கள் போட்டு வாங்கோ," என்றேன். நம்முடைய வழக்கம் தெரியும்தானே. ஒரு தரம் வேண்டாம் என்போம், இரண்டாம் தரம் யோசிப்பதுபோல நிற்போம், மூன்றாம் தரம் கேட்டால்தான் சரி என்போம். நான் மனதுக்குள் பெட்டியே அடுக்கிவிட்டேன். அவள் ஒரு தரம்தான் கேட்டாள். "ஓகே அம்மா," என்று போய் இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டாள். இங்கே பிறந்த பிள்ளைக்கு வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

அங்கே ஒரு பழைய பள்ளிக்கூடத்தையே படக்கதை அருங்காட்சியகமாக மாற்றி வைத்திருக்கிறார்களாம். சுவர் முழுக்கப் புத்தகம். எடுத்துக்கொண்டுபோய் வெளியே புல்லில் படுத்துக் கிடந்து வாசிக்கலாமாம். இருவரும் ஒரு பகல் முழுக்க அந்தப் புல்லில் கிடந்திருக்கிறார்கள், ஒருத்தி பிரெஞ்சில், ஒருத்தி ஜப்பானியத்தில். கார்ட்டூன் படங்களுக்கென்று இருக்கிற இன்னொரு அருங்காட்சியகத்தில் நாளும் நேரமும் குறித்து முன்பே டிக்கெட் எடுத்துத்தான் உள்ளே போகலாமாம். படத்தைக் காட்டுங்கள் என்றேன். "உள்ளுக்குப் படம் எடுக்க விடமாட்டினம் அம்மா. கண்ணால பார்த்து மனசில வைக்கோணுமாம்," என்றாள் அபி. சொல்லிவிட்டு மாமியைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டு பேருக்குத் தெரிந்த ஒன்றை மூன்றாவது ஆளுக்குச் சொல்லமுடியாதபோது வருகிற சிரிப்பு. அந்தச் சிரிப்பின்மேல் எனக்கு வந்த கோபம் இன்றுவரை ஆறவில்லை.

3

இனி என் பிழையைச் சொல்கிறேன். எங்கள் ஆட்கள் மட்டுமே விடக்கூடிய பிழை இது.

இங்கே சனிக்கிழமை என்றால் தமிழ்ப் பள்ளிக்கூடம். வருடத்துக்கு ஒரு தரம் பேச்சுப்போட்டி. பிள்ளை மேடையேறி, நடுவர்களுக்கு வணக்கம் சொல்லி, மூன்று நிமிடம் தமிழின் பெருமையை முழங்க வேண்டும். பேச்சை அம்மாமார் எழுதுவோம். பிள்ளைக்கு எழுத்துத் தெரியாதபடியால் முழுவதையும் ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுப்போம். ழகரம் வருகிற இடத்தில் சிவப்புக் கோடு. கை உயர்த்துகிற இடத்தில் அம்புக்குறி. குரல் தழுதழுக்க வேண்டிய இடத்தில் மூன்று புள்ளி. எல்லா வீட்டிலும் இதுதான் நடந்தது, ஒருவரும் வெளியில் சொல்வதில்லை.

அபி ஐந்து வயதில் ஏறத் தொடங்கினாள். நான்கு தரம் முதலிடம். சட்டன் வீட்டு வரவேற்பறையில் கப் வைப்பதற்கென்றே கண்ணாடி அலுமாரி வாங்கினேன். பத்து வயதில் ஒருநாள் அந்தத் தாளைக் கொண்டுவந்து, "அம்மா, இதைத் தமிழ் எழுத்தில எழுதித் தாங்கோ, நான் பழகிறன்," என்றாள். போட்டிக்கு மூன்று கிழமை இருந்தது. அந்த வருடம் அதே பள்ளிக்கூடத்துக் கலா அக்காவின் மகள் பயங்கரமாகத் தயாராகிறாள் என்று கேள்வி. "எழுத்துப் பிறகு பழகலாம், முதல் இதைப் பாடமாக்கு," என்றேன். அந்த வருடமும் முதலிடம், நான்காவது கப். அடுத்த வருடம் மேடையேறி, வணக்கம் சொல்லிவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் இறங்கி வந்துவிட்டாள். அதோடு தமிழ்ப் பள்ளிக்கூடமும் முடிந்தது.

ஏன் அப்படி வெறிபிடித்து நின்றேன் என்று கேட்டால், யாழ்ப்பாணத்தில் நான் படித்த காலம் முழுக்க எனக்கு இரண்டாம் இடம். டொக்டரின் மகள் ஒருத்திக்கு முதலாம் இடம். அவள் பெயரைக் கூப்பிடும்போது நானும் கை தட்டவேண்டும். அந்தத் தட்டலின் கூச்சம் என் உள்ளங்கையில் இருந்தது.

படக்கதையும் எனக்குப் புதிதல்ல. அண்ணை ஊரில் களவாகப் படக்கதை வாசிப்பான், பாடப் புத்தகத்துக்குள் வைத்து. கூட்டாளிகளுக்கெல்லாம் கொடுப்பான், எனக்குத் தரமாட்டான். பொம்பிளைப் பிள்ளைக்கு விளங்காதாம். ஒருநாள் போய் அப்பாவிடம் சொல்லிக்கொடுத்துவிட்டேன். அப்பா எல்லாவற்றையும் அள்ளி அடுப்புக்குள் வைத்தார். அண்ணை இரண்டு மாதம் என்னோடு கதைக்கவில்லை. எனக்குக் கவலையாக இருந்தது, அதைவிடத் திருப்தியாகவும் இருந்தது.

4

கண்காட்சிக்கு இணையத்தில் டிக்கெட் எடுத்தேன். பெயர், பட்டம், தபால் குறியீடு, வரி கட்டுகிறவரா, எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் "எங்களைப் பற்றி எப்படி அறிந்தீர்கள்?" என்றது. கீழே ஒரு பட்டியல். விளம்பரம், பத்திரிகை, பாடசாலை, குடும்பத்தினர். "மச்சாள் வாய் தவறிச் சொன்னதால்" என்று ஒன்று இல்லை. குடும்பத்தினர் என்பதை அழுத்தினேன்.

என் திட்டம் இதுதான். நேரம் பிந்திப் போவது, கூட்டத்தின் பின்னால் தலையைக் குனிந்து நிற்பது, கேட்டுவிட்டு வந்துவிடுவது. வதனிக்கும் சொல்லவில்லை.

உள்ளே வெளிச்சம் மிகக் குறைவு. தாள் பழுதாகிவிடுமாம். எங்கள் வீட்டு அடுப்பில் எரிந்தது மாதிரியான மட்டமான தாள்தான், கரடுமுரடாக, ஓரம் மஞ்சளாக. அதற்குக் கண்ணாடிப் பெட்டியும் ஏசியும் காவலுக்கு ஒரு ஆளும். படம் கீறியவரின் நீலப் பென்சில் கோடு, பிழைவிட்ட இடத்தில் பூசிய வெள்ளை மை, பேச்சை அச்சடித்து வெட்டி ஒட்டிய சின்னச் சின்னத் துண்டு, எல்லாவற்றையும் அப்படியே வைத்திருக்கிறார்கள். கார்ட்டூன் படத்துக்குக் கீறிய கண்ணாடித் தாள்களும் இருந்தன. ஒரு பெண் தலையைத் திருப்புவதற்கு எத்தனை தாள். பிள்ளைகள் வாசித்துவிட்டு எறிகிற ஒன்றை இவ்வளவு மரியாதையாக எடுத்து வைத்து, அதைக்கொண்டே உலகத்துப் பிள்ளைகளையெல்லாம் தங்கள் மொழிக்கு இழுத்துவிட்டார்கள். என் பிள்ளையையும் சேர்த்து. ஒரு முழு நாட்டைப் பார்த்து ஒரு மனுஷி பொறாமைப்பட முடியுமா என்று கேட்காதீர்கள். முடியும்.

அபியின் குரல் எங்கோ கேட்டது. கூட்டம் முன்னால் போய்விட்டது என்று நினைத்து, அதைப் பின்தொடர்வதற்காக நடந்தேன். அங்கேதான் பிழைத்தது. கோயிலுக்குள் கால் வைத்தால் நாங்கள் இடப்பக்கத்தில் தொடங்கி வலமாகத்தானே சுற்றுவோம், அதை யாரும் யோசித்துச் செய்வதில்லை. மண்டபத்துக்குள்ளும் என் கால் வலமாகவே போனது. அந்தக் கண்காட்சியோ ஜப்பானியப் புத்தகம் மாதிரி வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் பார்க்க வேண்டியது. வாசலில் அம்புக்குறி போட்டிருந்தார்களாம், எனக்குக் கண்ணில் படவில்லை. ஆகவே நான் கூட்டத்தின் பின்னால் போகாமல், எதிராக வந்துகொண்டிருந்தேன்.

ஒரு தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிறார்கள். யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவர், இந்த மொழியை எப்படிப் பழகினீர்கள் என்று கேட்கிறார். அபி ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். நான் தமிழில் தருகிறேன்.

"சின்ன வயதில் நான் இன்னொரு மொழியில் பேச்சுப்போட்டிகளில் வென்றவள். வீட்டில் நான்கு கப் இருக்கிறது. அந்த மொழியை எனக்கு வாசிக்கத் தெரியாது. அம்மா ஆங்கில எழுத்தில் எழுதித் தருவா. எங்கே அழவேண்டும் என்றும் போட்டிருப்பா. என்ன சொல்கிறேன் என்றே தெரியாமல் சனங்களை அழவைத்திருக்கிறேன். அதனால்தான், எனக்கு விளங்குகிற எழுத்து ஒன்று கையில் கிடைத்ததும் விடவில்லை."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்த நேரம் பார்த்து நான் சுவரைத் தாண்டி, நேருக்கு நேர் அவள் முன்னால் வந்து நின்றேன்.

பதினைந்து பேர் இருக்கும். வதனி முன்வரிசையில் நின்றாள். அபி என்னைக் கண்டாள். "ஆகவே இந்தப் பக்கத்தில்..." என்று தொடங்கினாள், நின்றுவிட்டாள். கையில் காட்டுகிற கோல், வாயில் சொல் இல்லை. அவளுடைய கண் என் முகத்துக்கு வந்து, என் வாயில் நின்றது.

பேச்சுப்போட்டியில் நான் முன்வரிசையில் இருந்து முழுப் பேச்சையும் சத்தமில்லாமல் வாயால் சொல்லிக்கொண்டிருப்பேன். சொல் தவறினால் அவள் என் உதட்டைப் பார்ப்பாள், பிடித்துக்கொள்வாள். அந்தப் பழக்கம் அவளுக்குப் போகவில்லை. எனக்கும் போகவில்லை, வாய் தானாகத் திறந்தது. ஆனால் சொல்லிக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. கண்ணாடிக்குள் இருந்த அந்தத் தாளில் என்ன இருக்கிறதென்றே எனக்குத் தெரியாது.

"சத்தம்," என்றாள் வதனி மெதுவாக, ஆங்கிலத்தில், அவளுடைய பிரெஞ்சு இழுவையோடு. "சத்தமில்லாத சத்தம்."

அபிக்கு மூச்சு வந்தது. "ஓம், சத்தமில்லாத சத்தம். இந்தப் படக்கதைகளில் ஒருவரும் பேசாமல் நிற்கும்போது அதற்கும் ஒரு ஒலி எழுதுவார்கள். இந்த எழுத்துகளைப் பாருங்கள்." எல்லாரும் கண்ணாடிக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார்கள். நான் வதனியைப் பார்த்தேன். அவளை அந்த இடத்தில் பிடித்துத் தள்ளியிருப்பேன். அவ்வளவு நன்றியும் இருந்தது, அவ்வளவு ஆத்திரமும் இருந்தது.

5

சுற்று முடிந்ததும் அபி என்னைப் படிக்கட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். வதனி நல்லவள், கோப்பி வாங்கப் போய்விட்டாள்.

"ஏன் அம்மா வந்தனீங்கள்?"

"டிக்கெட் எடுத்துத்தான் வந்தனான். நீ ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீங்கள் முன்னுக்கு வந்து நிப்பீங்கள்."

"நிண்டால் என்ன?"

"அது போட்டியா மாறிடும் அம்மா. நீங்கள் வீடியோ எடுத்து எல்லா குரூப்பிலயும் போடுவீங்கள். பிறகு கலா அன்ரி வருவா. நான் திரும்பவும் கப் எடுக்கோணும்." அவள் சத்தம் போடவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எனக்கு ஒண்டாவது நல்லாச் செய்யாட்டியும் பரவாயில்லை எண்டு இருக்கோணும்."

"எல்லாருக்கும் முன்னால அந்தக் கதையைச் சொன்னனி."

"அது பகிடிக்கு."

"எனக்குப் பகிடியா இருக்கேல்லை."

"எனக்கும் அப்ப பகிடியா இருக்கேல்லை அம்மா."

எழுத்துப் பிறகு பழகலாம் என்று சொன்னது நினைவிருக்கிறதா என்று அவள் கேட்டிருந்தால் செத்திருப்பேன். அவள் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்க நினைத்தேன். எங்களுக்கு அது வராதே. சாப்பிட்டியோ என்று கேட்டேன். சாப்பிட்டாளாம்.

"இனியெண்டாலும் சொல்லுவியோ?" என்றேன்.

யோசித்தாள். "நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லாட்டிச் சொல்லுவன்."

"ஒருத்தருக்கும் எண்டால்?"

"அப்பாவுக்கு ஓகே. வேற ஒருத்தருக்கும் இல்லை. படம் இல்லை, குரூப் இல்லை, கோயில் இல்லை. நீங்கள் ஆருக்காவது சொன்னதாக் கேள்விப்பட்டால் பிறகு நான் ஒண்டும் சொல்லமாட்டன் அம்மா. உண்மையாத்தான்."

சரி என்றேன். என் மகள் அருங்காட்சியகத்தில் பதினைந்து பேருக்கு முன்னால் நின்று பேசுகிறாள், அதை நான் ஒருவருக்கும் சொல்லக்கூடாது. மருந்துக்கடையில் ஒரு கிழமை முழுக்க வாயைக் கட்டிக்கொண்டு மாத்திரை எண்ணினேன். ஒரு நாள் ஆசுப்பத்திரிச் சீட்டோடு வந்த ஒரு ஜப்பானியப் பெண்ணிடம்கூட, தெரியுமோ என்று தொடங்கப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

6

அடுத்த வெள்ளிக்கிழமை லூயிஷாம் கோயிலில் வதனி வீட்டு உபயம். பூசை முடிந்து அன்னதான வரிசையில் தட்டோடு நிற்கிறோம். முன்னால் கலா அக்கா. அவளுடைய மூத்த மகள் பல் வைத்தியராகிவிட்டாள். அதை நான் விசாரிக்காமலே இரண்டு தரம் சொல்லிவிட்டாள்.

"உம்மட மகள் இப்ப என்ன செய்யிறா? உந்த ஜப்பான் படிப்பு முடிஞ்சுதோ? உதுக்கு வேலை வெட்டி எடுக்க ஏலுமோ?"

சொல்வதற்கு என் நாக்கின் நுனியில் வசனமே தயாராக இருந்தது. மூன்று நிமிடப் பேச்சே இருந்தது. கை உயர்த்துகிற இடம்கூடத் தெரியும்.

"படிக்கிறா அக்கா," என்றேன்.

"பாவம்," என்றாள் கலா அக்கா.

அந்தப் பாவத்தையும் விழுங்கிக்கொண்டு நின்றேன். வதனியால்தான் தாங்க ஏலவில்லை. "என்ன அக்கா பாவம்? எங்கட அபி மியூசியத்தில டூர் செய்யிறா. வெள்ளையள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நிண்டவை. இஞ்சை பாருங்கோ." போனை எடுத்து நீட்டினாள். வீடியோ. படமெடுக்கக்கூடாத இடத்தில் எப்படி எடுத்தாளோ தெரியாது, கோணலாக, பாதித் தரை தெரிய, ஆனால் அபி தெளிவாகத் தெரிந்தாள். வரிசையில் நின்ற நான்கைந்து பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

"அட, நல்லாத்தான் கதைக்கிறா. அனுப்பும் வதனி," என்றாள் கலா அக்கா. "உம்மோடை இருக்கிறபடியால்தான் பிள்ளை இப்பிடி வந்திருக்கு. தாய்க்குக்கூடத் தெரியேல்லைப் போல."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரியும், நான் நேரே பார்த்தேன், அவளைப் பெற்றவள் நான் என்று கத்தியிருக்கலாம். சாம்பாருக்குத் தட்டை நீட்டினேன். வீட்டுக்கு வருகிற வழியில், காரில் இவர் என்னை இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். "நீ நல்லாச் சமாளிச்சனி," என்றார். என் கல்யாண வாழ்க்கையில் இவர் தங்கை விஷயத்தில் என் பக்கம் வந்தது அதுதான் முதல் தரம். சட்டன் வந்து சேர்வதற்குள் அந்த வீடியோ மூன்று குரூப்பில் வந்துவிட்டது.

7

ஞாயிற்றுக்கிழமை காலை அபி போனில் கூப்பிட்டாள். வழமையாக அம்மா என்று தொடங்குவாள். அன்றைக்குத் தொடங்கவில்லை.

"ஆர் சொன்னது?"

எனக்குப் பயம் வரவில்லை. எத்தனை வருடமாகக் காத்திருந்த சந்தர்ப்பம் இது. வதனி பிழை விட்டாள், நான் விடவில்லை. அதற்குச் சாட்சியாக ஒரு கோயிலே இருக்கிறது.

"நானில்லை," என்றேன். "உன்ர மாமி. வீடியோவும் எடுத்து வைச்சிருந்தவ. கலா அக்காவுக்கு அனுப்பினதும் அவதான்."

சொல்லிமுடித்துவிட்டு, அந்தப் பக்கத்தில் கோபம் வெடிப்பதற்காகக் காத்திருந்தேன். அபி பெருமூச்சு விட்டாள்.

"மாமியோ," என்றாள். "அப்ப பரவாயில்லை."

பரவாயில்லையாம். நான் செய்திருந்தால் பேச்சு முறிந்திருக்கும். அவள் செய்தால் பரவாயில்லையாம். போனை வைத்துவிட்டு அழலாம் போல இருந்தது. "ஏன் அவ செய்தால் மட்டும் பரவாயில்லை?" என்று கேட்டேவிட்டேன்.

"மாமி சந்தோஷத்தில சொல்லுவா அம்மா. அவவுக்கு ஒருத்தரையும் வெல்லத் தேவையில்லை." பிறகு, "நீங்களும் அதிலதான் நிண்டனீங்களோ?" என்றாள்.

"ஓம். பக்கத்திலதான் நிண்டனான்."

"கலா அன்ரி கேட்கவும் நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"படிக்கிறா எண்டு சொன்னனான்."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

"உண்மையாவோ?" இதை மூன்று தரம் கேட்டாள். மூன்று தரமும் ஓம் என்றேன். பிறகு சொன்னாள், வருகிற சனிக்கிழமை வழமையான பத்து மணிச் சுற்று இல்லையாம். இரண்டு மணிக்குப் புதிதாக ஒன்று, கார்ட்டூன் படம் எப்படிச் செய்கிறார்கள் என்பது பற்றி. இப்போதுதான் உறுதியானதாம். "உங்களுக்குத்தான் முதல் சொல்லுறன். பின்னுக்கு நிக்கோணும், சரியோ? மாமிக்கு இன்னும் சொல்லேல்லை. பின்னேரம் வீட்டை போய்ச் சொல்லுறன்."

"நீ எதுக்குக் கரைச்சல்படுறாய்," என்றேன். "நான் மச்சாளோடை எப்பிடியும் கதைப்பன். நான் சொல்லிவிடுறன்."

அன்று கதைக்கவில்லை. திங்கள், செவ்வாய், புதன், ஒரு நாளும் கதைக்கவில்லை. வெள்ளிக்கிழமை கதைத்தேன், கத்தரிக்காய் விலையைப் பற்றி.

சனிக்கிழமை மதியம் சட்டன் ரயில் மேடையில் நிற்கிறேன். வதனி போனில் கூப்பிடுகிறாள்.

"என்ன மச்சாள் செய்யிறியள்?"

"சமைக்கிறன்."

"ரயில் அறிவிப்புக் கேட்குது."

"டிவி போகுது."

"அபிக்கு இண்டைக்கு டூர் இல்லை எண்டு நினைச்சன். வெளிக்கிட்டுப் போயிட்டாள், ஒரு வார்த்தை சொல்லேல்லை. போனும் எடுக்கிறாள் இல்லை. உங்களுக்கு ஏதும் சொன்னவளோ?"

சாதாரணமாகக் கேட்பதுபோலத்தான் கேட்டாள். ஆனால் கடைசிச் சொல்லில் குரல் கொஞ்சம் இறுகியது. அந்த இறுக்கம் எனக்கு நல்லாத் தெரியும். எட்டு வருடமாக அது என் தொண்டையில் இருந்தது.

"பிள்ளையள் அப்பிடித்தான் மச்சாள், ஒண்டையும் மனசில வைக்காதேங்கோ," என்று ஆறுதல் சொல்லிவிட்டு ரயிலில் ஏறினேன்.